கைநாட்டின் பெருமை

பொழுது புலருமுன்னரே புறப்பட்டுவிடுகிறார்கள். கம்பத்திலிருந்து, கூடலூரிலிருந்து, உத்தமபாளையத்திலிருந்து, போடியிலிருந்து. தூக்குச் சட்டியிலே சோறு, தலையிலே துண்டு, தோளிலே பை. ஜீப்பிலே இருக்கும் இடம் சிலருக்கு, ஏறுவோரோ பலர்! குமுளிப் பாதையும் கம்பமெட்டுப் பாதையும் போடிமெட்டுப் பாதையும் அவர்களை மேலே ஏற்றிச் செல்கின்றன. ஏலத் தோட்டத்திலே காய் பறித்துக் களை எடுத்துக் களைத்துப் போனவர்களை அந்தி சாயும் வேளையிலே மீண்டும் கீழே இறக்கிவிடுகின்றன. மேலே கேரளம், கீழே தமிழகம். இடையிலே வளைந்து கிடக்கும் பாதையிலே நாள்தோறும் தேய்வது அந்தப் பெண்களின் வாழ்வு.

அப்படி இறங்கி வந்த ஒரு தாயின் வீட்டுத் திண்ணையை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். ஏலக்காய் மணம் இன்னும் அவள் கையைவிட்டு அகலவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஓடி வருகிறாள். கையிலே தேர்ச்சி அட்டை. 'ரேங்க் கார்டு' என்றுதான் ஊரார் இன்றும் அதனை அழைக்கின்றனர்.

"டீச்சர் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்கம்மா!"

"நல்லா எழுதியிருக்கியா தாயி?"

"எல்லாத்துலயும் 'ஏ'ம்மா!"

'ஏ' என்றால் என்னவென்று அந்தத் தாய்க்குத் தெரியாது. அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்பதும் தெரியாது. ஆனால் குழந்தையின் முகத்தைப் படிக்கத் தெரியும். அதிலே எழுதியிருந்ததைப் படித்துக் கொண்டாள். பேனா மையைக் கட்டைவிரலிலே தடவி, குழந்தை சுட்டிய இடத்திலே, 'பெற்றோர் கையொப்பம்' என்று அச்சிட்ட இடத்திலே, அழுத்தினாள். பிறகு அந்த அட்டையை அடுத்த வீட்டுக்கு எடுத்துச் சென்று காட்டினாள். எதிர் வீட்டுக்கும் சென்றாள். கூலி வாங்கும்போது குனிந்தே பழகிய தலை, அந்தக் கால் மணி நேரம் நிமிர்ந்தே இருந்தது!

இந்தப் பெருமிதம் பற்றித்தான் ஒரு கேள்வி. பகுத்தறிவு பேசும் இளைஞர் கூட்டத்திலே பழகுவோருக்கு அது எழாமல் இருக்க முடியாது. "பிறர் செய்த செயலைக் காட்டித் தான் பெருமை தேடுவது பேதைமை என்று சொல்லி வருகிறோம். 'என் பாட்டன் யார் தெரியுமா? முப்பாட்டன் யார் தெரியுமா?' என்று மீசையை முறுக்குவோனைப் பார்த்து, 'அது கிடக்கட்டும் ஐயா, நீர் யார்?' என்று கேட்டு வந்திருக்கிறோம். அந்த ஒரே கேள்வியிலே குலப்பெருமைக் கோட்டை கலகலத்துப் போனதைக் கண்டிருக்கிறோம். அப்படியிருக்க, 'என் மகள் யார் தெரியுமா?' என்று கேட்கும் தாயையும் தந்தையையும் மட்டும் ஏன் தட்டிக் கொடுக்க வேண்டும்? முன்னவன் முன்னோரைக் காட்டுகிறான். பின்னவர் பின்னோரைக் காட்டுகின்றனர். இரத்த உறவைக் காட்டி மதிப்புக் கேட்பது இரண்டிலும் ஒன்றுதானே?"

கூர்மையான கேள்வி. புன்னகை புரிந்து ஒதுக்கிவிடலாகாது. 'தாய்ப் பாசம் தர்க்கத்துக்கு அப்பாற்பட்டது' என்று பல்லவி பாடித் தப்பித்துக் கொள்வோர் உண்டு. தர்க்கத்துக்கு அப்பாற்பட்டது என ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டால், அந்த வேலிக்குள்ளே அடுத்தடுத்து எவரெவர் வந்து குடியேறுவர் என்பதை நாம் அறிவோம். ஆகவே நேருக்கு நேராகவே நின்று பார்ப்போம்.

முதலிலே அந்தக் கட்டைவிரலைப் பார்ப்போம். இந்த வட்டாரத்திலே கட்டைவிரலுக்கு ஒரு வரலாறு உண்டு.

1871இல் வெள்ளையர் அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. 1911இல் அதனைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் பொருந்தச் செய்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று பெயர். பெயரைப் பாருங்கள்! குற்றம் செய்தவனைத் தண்டிக்க வந்த சட்டமன்று. குற்றமே செய்யாதவனையும் அவன் பிறந்த குடியைக் காட்டிக் குற்றவாளியாக்க வந்த சட்டம். பிறப்பிலே உயர்வு உண்டு என்று கூறிய மனு நூலுக்கு மறுபுறம் இது: பிறப்பிலேயே குற்றமும் உண்டு என்றது. பிரமலைக் கள்ளர்மீது அது பாய்ந்தபோது, வயது வந்த ஆடவர் கைரேகை பதிய வேண்டும். இரவிலே காவல் சாவடிக்குச் சென்று படுக்க வேண்டும். வெளியூர் செல்வதாயின் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அன்றுதான் மணம் முடித்தவனாயினும் சரி, மனைவி பிள்ளைப்பேற்று நோவிலே துடிப்பவனாயினும் சரி, இரவு வந்தால் சாவடி! மக்கள் தம் வாயால் அதற்கு ஒரு பெயர் சூட்டினர்: ரேகைச் சட்டம்.

உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரிலே, 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், ரேகை பதிய மாட்டோம் என்று மறுத்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. குறைந்தது 16 பேர் மாண்டனர்; அவர்களிலே மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்திலே 1947இலும், நாடு முழுவதிலும் 1952இலும்தான் ஒழிந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலே வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு இது ஏட்டிலே படித்த செய்தியன்று; பாட்டன் சொன்ன கதை.

அடக்க வந்த அரசே, 'சீர்திருத்தம்' என்ற பெயரிலே பள்ளிகளையும் திறந்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்ற பெயரோடு மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களிலே ஏறத்தாழ 300 பள்ளிகள் வளர்ந்தது அந்த வழியிலேதான். நோக்கம் எதுவாயினும் ஆகுக; எழுத்து வந்து சேர்ந்தது. பாட்டனின் கட்டைவிரலைப் பற்றி இழுத்து மையிலே தோய்த்துக் காகிதத்திலே அழுத்தியது ஓர் அரசாங்கக் கை. 'இவன் ஐயத்துக்குரியவன்' என்று அந்தக் காகிதம் கூறிற்று. பேத்தியின் தேர்ச்சி அட்டையிலே பதிவதும் கட்டைவிரல்தான். ஆனால் இம்முறை எவரும் இழுக்கவில்லை, தாய் தானாகவே நீட்டுகிறாள். 'இவள் படிக்கிறாள்' என்று இந்தக் காகிதம் கூறுகிறது. நூறாண்டுகளிலே நடந்த மாற்றம் முழுவதும் அந்த ஒரு மைக்கறையிலே அடங்கிக் கிடக்கிறது!

ஒரு குடியினரின் கதையாக மட்டும் இதனைச் சொல்லவில்லை நாம். அதே பள்ளத்தாக்கின் சேரிகளிலிருந்து அதே ஜீப்பிலே ஏறிச் செல்லும் தாய்மார் உளர். அவர்தம் முன்னோருக்குப் பள்ளியின் வாசலே மறுக்கப்பட்டிருந்தது. அம்பேத்கர் பள்ளியிலே படித்தபோது தனியே ஒரு சாக்குத் துண்டை விரித்து அமர வேண்டியிருந்தது என்பதை அறியாதார் யார்? அந்தப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கித் தரக் கையிலே காசில்லாதபோது, மணமாகிச் சென்ற மகளின் நகையை வாங்கி அடகு வைத்தார் தந்தை இராம்ஜி. அந்தத் தந்தை தம் மகனைக் கண்டு நெஞ்சு நிமிர்த்தியிருந்தால், அதனையும் குலப்பெருமைக் கணக்கிலேயா எழுதுவது?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1953இல் இராசகோபாலாச்சாரியார் ஒரு திட்டம் கொணர்ந்தார். சிற்றூர்த் தொடக்கப் பள்ளியிலே பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பாடம். எஞ்சிய நேரத்திலே பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றது திட்டம். குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதனை அழைத்தது. எதிர்ப்புப் புயல் எழுந்தது. 1954இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அதனைக் கைவிட்டார். இந்த வரலாற்றை அரசியல் மேடைகளிலே பலமுறை கேட்டிருப்பீர்கள். நாம் இங்கே சுட்ட விரும்புவது வேறொன்று. அந்தத் திட்டம் பிள்ளையின் பாதி நாளை மட்டும் கேட்கவில்லை. பெற்றவரின் பெருமிதத்தையும் கேட்டது! வண்ணாரின் மகன் வெளுக்கக் கற்றுக்கொண்டான் என்று தந்தை மகிழட்டும், குயவரின் மகன் சக்கரம் சுற்றக் கற்றுக்கொண்டான் என்று தந்தை மகிழட்டும். 'நான் அறியாததை என் பிள்ளை அறிந்தான்' என்னும் மகிழ்ச்சி மட்டும் வேண்டாம் என்றது. தொழில் எதுவும் இழிவன்று. ஆனால் தகப்பனைத் தாண்டும் உரிமை எவர் பிள்ளைக்கு உண்டு, எவர் பிள்ளைக்கு இல்லை என்பதே அன்றைய வழக்கு.

இப்போது நம் தோழரின் கேள்விக்குத் திரும்புவோம். பாட்டனைக் காட்டுகிறவன் என்ன சொல்கிறான்? 'வேலி எனக்கு உட்புறமாக இருக்கிறது. நீ வெளியே நில்' என்கிறான். ஏலத் தோட்டத்துத் தாய் என்ன சொல்கிறாள்? 'வேலி உடைந்தது, பாருங்கள்!' என்கிறாள். முன்னவனின் பெருமைக்கு வெளியே நிற்பவன் ஒருவன் தேவை. எல்லோருடைய பாட்டனும் சிறந்தவரே என்றால் அவன் மீசைக்கு வேலையில்லை. பின்னவளின் பெருமைக்கு அப்படி எவரும் தேவையில்லை. நாம் காணும் உரைகல் இதுதான்: அடுத்த வீட்டுப் பிள்ளையும் அதே அளவு படித்துவிட்டால், அந்தப் பெருமை வளர்கிறதா, வாடுகிறதா? வளர்ந்தால் அது மகிழ்ச்சி. வாடினால், தோழர்களே, அது சாதிதான். பள்ளிச் சீருடை அணிந்து வந்திருக்கிறது, அவ்வளவே!

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்திலே, மகனைச் சான்றோன் என ஊரார் கூறக் கேட்ட தாய் ஈன்ற நாளினும் மகிழ்வாள் என்ற கருத்து வருகிறதே, அதனை மேற்கோள் காட்டாத பள்ளி ஆண்டு விழா உண்டா? ஆனால் அதற்கு நேர் முன்னே உள்ள குறளை எவரும் மேடை ஏற்றுவதில்லை. பிள்ளையின் அறிவு பெற்றவர்க்கு இனியது என்பதைக் காட்டிலும் இந்த மண்ணிலே வாழும் உயிர்கள் அனைத்துக்கும் இனியது என்கிறது அது. மகிழ வேண்டியவர் பட்டியலிலே ஊரைச் சேர்த்துவிட்டுத்தான் தாயிடம் வருகிறார் வள்ளுவர். 'சான்றோன்' என்றுதான் கூறினார், 'முதல் மாணவன்' என்று கூறவில்லை என்பதையும் கவனியுங்கள். ஓர் ஊரிலே நூறு சான்றோர் இருக்கலாம். முதல் மாணவன் ஒருவன்தான் இருக்க முடியும்.

புறநானூற்றிலே பொன்முடியார் பாட்டொன்று உண்டு. பெற்று வளர்த்தல் தாயின் கடன் என்று தொடங்கி, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு, நன்னெறி வழங்குவது வேந்தனுக்கு என்று கடன்களைப் பங்கிட்டுக்கொண்டே போகிறது. போர்க்களத்து வீரம் பேசும் பாட்டு. அந்த வீரம் நமக்கு இன்று வேண்டியதில்லை. வேண்டியது அந்தப் பங்கீடு! ஒரு பிள்ளையை ஆளாக்குவதிலே கொல்லனின் உலைக்களம்வரை கணக்கிலே வருகிறது. 'நான் பெற்றேன், ஆகவே எனது' என்று அந்தத் தாய் உரிமை கொண்டாடவில்லை.

அந்தப் பங்கீட்டை இன்று எழுதிப் பார்ப்போமா? தாய் ஐந்து மணிக்கே ஜீப் ஏறிவிட்ட வீட்டிலே பிள்ளைக்குக் காலை உணவு தருவது யார்? 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையிலே தொடங்கி, 2023இலே மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் தருகிறது. அதற்கு முன்னே பகல் உணவு. 1920இலே சர் பி. தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியிலே தொடங்கியது, 1956இலே காமராசர் மாநிலமெங்கும் கொண்டு செல்ல முனைந்தது, 1982இலே எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தது. அடுப்பின்முன் நின்று கண் எரிந்த ஆயா, 'அ' எழுத ஆயிரம் முறை கைப்பிடித்த ஆசிரியை, வாங்கும் பொருள் ஒவ்வொன்றிலும் வரி செலுத்தும் ஏழை எளியோர் — அந்த 'ஏ'யிலே இவர்களுக்குப் பங்கில்லையா? கம்பம் பள்ளத்தாக்கினருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ! மேற்கே ஓடிய பெரியாற்றை 1895இலே கிழக்கே திருப்பிய பென்னிகுயிக்கின் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழ்வோர் அவர்கள். தம் வயலிலே விளைந்த நெல்லைக் கண்டு மகிழும் உழவர், அந்த நீரைத் திருப்பியவரையும் மறக்கவில்லை. (அணை கட்டும்போது காய்ச்சலிலே மடிந்த கூலிகளின் பெயரைச் சூட்ட வழியில்லை, எவரும் எழுதி வைக்கவில்லை.)

பங்கு பல என்பதால் தாயின் பங்கு குறைந்துவிடுமோ? குறையாது. குறைவது ஒன்றுதான்: அந்தப் பெருமையை எடுத்து அயலான் பிள்ளையின் தலையிலே அடிக்கும் உரிமை.

அந்த அடி எங்கெல்லாம் விழுகிறது என்று பாருங்கள். விருந்தினர் வந்திருக்கின்றனர். நான்கு வயதுக் குழந்தை விளையாடிக் கொண்டிருக்கிறது. "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு கண்ணு!" குழந்தை மறுக்கிறது. மிட்டாய் காட்டப்படுகிறது, பிறகு கண் உருட்டப்படுகிறது. இறுதியிலே, பொருள் விளங்காத ஆங்கில வரிகளை அது ஒப்பிக்கிறது, பெற்றோர் பூரிக்கின்றனர், விருந்தினர், தம் வீட்டுப் பிள்ளைக்கு இது வராதே என்று எண்ணிக்கொண்டே கைதட்டுகிறார். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அன்றிரவு பூசை! பொதுத் தேர்விலே மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பட்டியலிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இலே நிறுத்தியது, நன்று. தொடக்க வகுப்புகளிலே 2012ஆம் ஆண்டிலிருந்தே மதிப்பெண்ணுக்குப் பதில் தரக் குறியீடு வந்தது; அதுவும் நன்று. அட்டையிலே 'ரேங்க்' இல்லை. ஆனால் ஊரார் வாயிலே அதன் பெயர் இன்னும் 'ரேங்க் கார்டு'! அரசாணையால் பட்டியல் போயிற்று. பேருந்து நிலையத்து விளம்பரத் தட்டிகளிலே பிள்ளைகளின் படமாக அது திரும்பி வந்துவிட்டது.

தந்தையின் பெருமை எத்துணை நுட்பமாகப் பிள்ளையைத் தின்னக்கூடும் என்பதற்கு ஜான் ஸ்டூவர்ட் மில்லின் வாழ்வு சான்று. மூன்று வயதிலே கிரேக்கம். எட்டு வயதிலே இலத்தீன். தந்தை ஜேம்ஸ் மில் வழிபாட்டுப் புரட்டுகளை ஏற்காத அறிவாளர். மகனைத் தாமே கற்பித்து வளர்த்தார். பதினான்கு வயதிலே மகன் வெளிநாடு புறப்பட்டபோது, இலண்டன் பூங்கா ஒன்றிலே உலவிக்கொண்டே ஓர் உண்மையைச் சொன்னார்: பிறரைவிட நீ அதிகம் அறிந்திருப்பது உன் தகுதியால் அன்று, கற்பிக்கக்கூடிய தந்தை வாய்த்ததனால்தான் என்று. செருக்கு வளராமல் தடுக்கச் சொன்ன சொல். நேர்மையான சொல்லும்கூட, வாய்ப்பு உள்ளவன் வாய்ப்பை மறக்கலாகாது என்பதை இன்று நம் ஊர்ச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எவரேனும் சொன்னால் நலம். ஆயினும், 1826இலே, இருபது வயதிலே, அந்த இளைஞர் மனம் நொறுங்கிப் போயிற்று. எதிலும் சுவையில்லை, எதற்கும் வாழ்கிறோம் என்று தெரியவில்லை. மில் மீண்டார், பெண்ணுரிமைக்கு நூல் எழுதினார், உலகம் பயன் பெற்றது. எல்லோரும் மீள்கின்றனரா? தேர்வு முடிவு வெளியாகும் நாளிலே, மதிப்பெண் பட்டியலோடு சேர்த்து, 104 என்றும் 14416 என்றும் மனநல ஆலோசனைக்கான தொலைபேசி எண்களையும் அரசு வெளியிட வேண்டியிருக்கும் நாட்டிலே நாம் வாழ்கிறோம். எண்ணிப் பாருங்கள், ஒரு தேர்வு முடிவுக்கு இப்படி ஒரு பின்னிணைப்பு!

மதிப்பெண் குறைந்த பிள்ளையின் கதி என்ன? அதற்கும் வட்டாரத்திலே வழி வைத்திருக்கின்றனர். சின்னமனூரை அடுத்து, சுரபி நதிக்கரையிலே, குச்சனூர். அங்கே சனீசுவரன் கோயில். கணக்கு வரவில்லையா, சனி பிடித்திருக்கிறது. எள் விளக்கு ஏற்று, காக்கைக்குச் சோறு வை! நாம் காக்கைக்குச் சோறிடுவதை எதிர்க்கவில்லை. அது பசியாறிப் போகட்டும். கேட்பது இதுதான்: பிள்ளை தேர்ச்சி பெற்றால் 'அம்மன் அருள்', வீரபாண்டியிலே தீச்சட்டி. பெறாவிட்டால் 'மண்டையிலே மூளையில்லை', முதுகிலே பிரம்பு. வரவு முழுவதும் தெய்வத்தின் கணக்கிலே, செலவு முழுவதும் குழந்தையின் கணக்கிலே! எந்த வட்டிக்கடைக்காரனும் இத்தனை துணிவாக ஏடு எழுதியதில்லை. விடியலிலே எழுந்து எண்சுவடி ஒப்பித்த குழந்தைக்கு ஒரு சொல் பாராட்டு இல்லை. தோட்டத்து வேலைக்குத் தாயோடு போய்ப் பாதி நாள் வகுப்பை இழந்த பிள்ளைக்கு ஒரு சொல் ஆறுதல் இல்லை. சனியின் சுற்றை ஆராய்வோர், அந்த வகுப்பறையிலே ஆசிரியர் எத்தனை பேர் என்று ஆராய்வதில்லை.

இனிப் பெண் குழந்தையின் பக்கம் வருவோம். நம் கதைத் தாயின் மகளுக்கு இப்போது ஏழு வயது. இன்னும் ஆறேழு ஆண்டுகள் அந்தப் பெருமிதத்துக்கு ஊர் இடம் கொடுக்கும். பிறகு? பூப்பு நீராட்டுக்குப் பந்தல் போடுவர். அதே ஒலிபெருக்கியிலே அவள் படிப்பையும் புகழ்வர். மறு ஆண்டே, 'இனி எதற்கு?' என்பர். 18 வயதுக்கு முன் மணம் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது; உறவினர் கூட்டம் வேறு கூறுகிறது. மகன் படித்தால் குடும்பத்துக்குப் பெருமை. மகள் அளவுக்கு மேல் படித்தால் மாப்பிள்ளை தேடுவது கடினம். ஒரே வீட்டிலே, ஒரே அட்டைக்கு, இரண்டு விலை!

1904இலே புதுக்கோட்டையிலே நடந்ததைச் சொல்வோம். முத்துலட்சுமி என்ற பெண், ஆடவர் மட்டுமே படித்து வந்த மன்னர் கல்லூரியிலே சேர இடம் கேட்டார். தந்தை நாராயணசாமி மகளுக்குத் துணை நின்றார். ஊரிலே மற்றத் தந்தையருக்கோ அச்சம்! பெண் வந்தால் எம் பிள்ளைகள் கெடுவர், கல்லூரியைவிட்டு நிறுத்திக்கொள்வோம் என்றனர். தேவதாசி மரபிலே வந்த தாயின் மகள் என்பதும் அவர்கள் கண்ணை உறுத்திற்று. மன்னர் இடம் தந்தார்; அவர் படித்தார்; 1912இலே சென்னை மருத்துவக் கல்லூரியிலே பட்டம் பெற்றார்; பின்னர்ச் சட்டமன்றத்திலே தேவதாசி முறை ஒழியக் குரல் கொடுத்தார். அன்று எதிர்த்தோரும் பிள்ளைமீது பாசம் கொண்ட தந்தையர்தாம் என்பதை மறவாதீர்கள். தம் மகன் பெருமைக்கு ஒருத்தி படிக்காமலிருப்பது தேவைப்பட்டது அவர்களுக்கு. ஒரு தந்தையின் பெருமிதமும் பல தந்தையரின் பெருமிதமும் மோதிய களம் அது. முன்னே சொன்ன உரைகல்லிலே இரண்டையும் உரைத்துப் பாருங்கள்.

2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களிலே, அரசுப் பள்ளியிலே படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் வந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயராலே வந்தது என்பதிலே நமக்கு மகிழ்ச்சி. ஆயிரம் ரூபாய் பேருந்துக் கட்டணத்துக்கு ஆகும், புத்தகத்துக்கு ஆகும். 'இனி எதற்கு?' என்னும் கேள்விக்கு விடை, அந்தத் தாய் தன் வாயாலே சொல்ல வேண்டியதாயிற்றே!

சொல்வாளா? அங்கேதான் ஓர் இடர். குறளிலே தாய், மகனைச் சான்றோன் எனக் 'கேட்ட'தாகத்தான் வருகிறது. ஏன் கேட்க வேண்டும், தானே அறியக் கூடாதோ என்று உரையாசிரியர் பரிமேலழகர் தமக்குத்தாமே ஐயம் கிளப்பி, பெண்ணின் இயல்பு தானாக அறியாமை என்று பொருள் எழுதி வைத்தார். அறியாமை பெண்ணின் இயல்பன்று. அவளைப் பள்ளிக்கு அனுப்பாத ஊரின் இயல்பு. அட்டையைத் தலைகீழாகப் பிடித்த தாய், மகளின் முகத்தை நேராகப் படித்தாளே, அறியும் ஆற்றல் இல்லாதவளா அவள்? மகள் சொல்லக் கேட்டு மகிழ்ந்தவள், நாளை மகளின் படிப்பு நிற்கலாகாது என்று உறவினர் கூட்டத்திலே எழுந்து பேச வேண்டியவள். கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவதைக் காட்டிலும், தானே படித்ததை வைத்துக்கொண்டு பேசுவது எளிது.

1990களிலே அறிவொளி இயக்கம் இந்த மாநிலத்தின் தெருவிளக்குகளின்கீழ் முதியோரை அமர்த்தி எழுத்துக் கற்பித்தது. 2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் வகுப்புகள் நடக்கின்றன. பகலெல்லாம் மலையேறித் திரும்பியவளுக்கு மாலை வகுப்புக்கு ஓட உடலிலே வலு இருப்பதில்லை என்பதை நாம் அறிவோம்; குறை கூறவில்லை. ஆனால் வீட்டிலேயே ஓர் ஆசிரியை இருக்கிறாளே, ஏழு வயதிலே! சோறு உண்ட பிறகு, தீர்ந்துபோன நோட்டின் பின்பக்கத்திலே, தாயின் கையைப் பிடித்து அவள் பெயரின் முதல் எழுத்தை வரைய வைக்கிறாள் குழந்தை. ஏலக்காய்க் கறை படிந்த விரல்கள், பென்சில் வழுக்குகிறது. "அம்மா, சுழி இந்தப் பக்கம் வரணும்!" தாய் சிரிக்கிறாள். மீண்டும் எழுதுகிறாள். அடுத்த பருவத்துத் தேர்ச்சி அட்டை வருவதற்கு இன்னும் மூன்று திங்கள் இருக்கின்றன. அவள் பெயரோ நான்கே எழுத்து.